கோயம்புத்தூர் தாயி: இசைத்தட்டில் நிலைத்த தமிழ்க்குரல்

கல்லில் வெட்டிய எழுத்து ஆயிரம் ஆண்டு நிற்கும். ஓலையில் கீறிய எழுத்தைப் படியெடுத்து அடுத்த தலைமுறையின் கையில் கொடுக்கலாம். குரலுக்கோ அப்பேறு நெடுங்காலம் வாய்க்கவில்லை. பாணரும் விறலியரும் பாடினர் என்று சங்க இலக்கியம் சொல்கிறது; எப்படிப் பாடினர் என்பதைச் செவியால் அறிய வழியில்லை. தேவாரம் பாடிய மூவரின் சொல் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை. அவ்வளவு தொலைவுக்குச் செல்லவும் வேண்டியதில்லை. 1893-ஆம் ஆண்டு மறைந்த மகா வைத்தியநாத ஐயரின் குரல்வளத்தை உ. வே. சாமிநாதையர் எழுத்தில் வடித்துத் தந்ததால் அதன் பெருமையை உணர முடிகிறது. அக்குரல் எவ்வாறு ஒலித்தது என்பது அதைக் கேட்டவர்களோடு போயிற்று.

இந்த நிலையை மாற்றியது ஒரு பொறி. அப்பொறியின் முன் அஞ்சாமல் நின்று பாடிய தமிழ்நாட்டு மகளிர் சிலர். அவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் கோயம்புத்தூர் தாயி. அவர் பாடிய தமிழ்ப்பாட்டு ஒன்று கடல் கடந்து பாரிசு நகரம் சென்று, அங்கே ஒரு பியானோவுக்குள் புகுந்த வரலாறு தமிழாசிரியரும் மாணவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும். அந்தப் பாட்டு பிழைத்தது. பாடியவரின் பெயரோ சொந்த மண்ணிலேயே மங்கியது. இது ஏன் நேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பதும் வரலாற்றுக் கல்வியின் பாற்பட்டதே.

பாட்டுப்பெட்டி வந்த கதை

1877-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் ஒலியைப் பதிவு செய்து திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவியைக் கண்டார். அவர் பயன்படுத்தியது உருளை. பத்து ஆண்டு கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டத் தட்டைப் புகுத்தினார். உருளையைக் காட்டிலும் தட்டுக்கு ஒரு பெரும் நன்மை இருந்தது. ஒரே மூலத்திலிருந்து அச்சுப் புத்தகம் போல ஆயிரக்கணக்கான படிகளை எடுக்கலாம். ஓலைச்சுவடிக்கு அச்சு இயந்திரம் செய்த தொண்டைக் குரலுக்கு இசைத்தட்டுச் செய்தது எனலாம்.

பெர்லினரின் வழிவந்த இலண்டன் கிராமபோன் நிறுவனம் உலகெங்கும் ஆள் அனுப்பிப் பாட்டுகளைத் திரட்டத் தொடங்கியது. 1902-ஆம் ஆண்டு பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் வந்திறங்கினார். அவ்வாண்டு நவம்பரில் அவர் முன் பாடிய கௌஹர் ஜான் என்னும் பெண்மணி இந்திய இசைத்தட்டு வரலாற்றின் முதல் புகழ்மணியானார். கெய்ஸ்பெர்க் கிழக்கு நாடுகளில் தம் பயணத்தைத் தொடர்ந்து, 1903-ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் ஒலிப்பதிவு செய்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் வேறு பதிவாளர்கள் சென்னைக்கும் வந்தனர். தென்னாட்டு இசை தட்டில் ஏறத் தொடங்கியது.

தொடக்கத்தில் பதிவுகள் யாவும் செருமனி நாட்டின் ஹானோவர் நகருக்குக் கப்பலில் சென்று, அங்கே தட்டுகளாகி, மீண்டும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. தட்டு செய்ய வேண்டிய அரக்கோ இந்தியக் காடுகளில் விளைந்தது. மலாயாவின் இரப்பர் மேல்நாடு சென்று டயராகத் திரும்பி வந்தது போல, இந்தியாவின் அரக்கு ஐரோப்பா சென்று இந்தியரின் குரலையே சுமந்துகொண்டு விலைப்பொருளாகத் திரும்பி வந்தது. 1908-ஆம் ஆண்டு கல்கத்தாவின் சியால்டா பகுதியில் தொழிற்சாலை எழுந்த பின்னரே இந்த நெடும்பயணம் குறைந்தது.

தாயியின் குடிப்பிறப்பு

கோயம்புத்தூர் தாயி பிறந்த ஆண்டு 1872. பழனிக்குஞ்சரம் என்பது அவருடைய இயற்பெயர். ஆடலும் பாடலும் பரம்பரைச் செல்வமாக விளங்கிய மகளிர் குடும்பத்தில் அவர் தோன்றினார். பாட்டி, தாய், மகள் என்று கலை கைமாறி வந்த மரபு அது. கோவையில் வேர்கொண்ட அக்கலை, இசைவாணர்களும் புரவலர்களும் நிறைந்த சென்னைப் பட்டணத்தில் தழைத்தது. பிறந்த ஊரின் பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று.

அக்காலத்தில் இக்குடும்பத்துப் பெண்களின் நிலை இருதலைக்கொள்ளி எறும்பின் நிலையாக இருந்தது. எழுதப் படிக்கவும், பல மொழிப் பாடல்களைப் பொருளுணர்ந்து பாடவும், அவையில் அஞ்சாமல் நிற்கவும் வல்லவர்கள் பெண்களுள் பெரும்பாலும் இவர்களே. பிற குடும்பத்துப் பெண்களுக்கு மேடை ஏறும் உரிமையே கிடையாது. அவ்வாறிருந்தும், 1892, 1893-ஆம் ஆண்டுகளில் சென்னையில் சீர்திருத்தவாதிகள் எழுப்பிய இயக்கம், சதிர் ஆடும் மகளிரை இல்லத்து விழாக்களுக்கு அழைக்கலாகாது என்று வலியுறுத்தியது. அரசின் உயர் அலுவலர்களும் அத்தகைய நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ளக் கூடாது என்று விண்ணப்பமும் அளிக்கப்பட்டது. பெண்களை இழிநிலைக்கு உள்ளாக்கிய ஒரு வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் விடாமுயற்சியால் 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் அவ்வழக்கத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆயினும் வழக்கத்தைச் சாடியபோது கலையையும் சேர்த்துச் சாடியவர்கள் இருந்தனர். கலையைக் காத்தவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் கூசியவர்கள் இருந்தனர்.

இந்த வேளையில்தான் பாட்டுப்பெட்டி வந்தது. மதிப்பு மிக்க ஆண் வித்துவான்கள் பலர் அதன் முன் பாடத் தயங்கினர். பொறியின் முன் பாடினால் குரல் கெடும் என்று அஞ்சியவர் உண்டு. தெருமுனைக் கடையிலும், கேட்கத் தகுதியற்றவர் நடுவிலும் தம் சங்கீதம் ஒலிக்கும் என்று வருந்தியவரும் உண்டு. மேடைகள் சுருங்கத் தொடங்கிய மகளிருக்கோ இது புதியதொரு மேடை. சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் தட்டுகளில் பாடினர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள் கோயம்புத்தூர் தாயி பாடிய தட்டுகள் வரிசையாக வெளிவந்தன. தெலுங்குக் கீர்த்தனைகளும் தமிழ்ப் பாடல்களும் அவற்றுள் இடம்பெற்றன.

மேடைக்கு அழைக்கலாகாது என்று ஒதுக்கப்பட்ட குரல், தட்டின் வழியே மதிப்புமிக்க இல்லங்களின் கூடத்திற்குள் நுழைந்தது. வாசலில் தடுத்தவர்களே ஊசியைத் தட்டின் மேல் வைத்துக் கேட்டனர். காலம் செய்யும் விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று.

மூன்று நிமிடத் தவம்

இன்று ஒலிப்பதிவு செய்வது எளிது; பையில் இருக்கும் கைப்பேசியே போதும். அன்றைய முறை வேறு. மின்சார ஒலிவாங்கி அப்போது வரவில்லை. அது இசைத்தட்டுத் தொழிலுக்கு வந்தது 1925-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பாடுபவர் தகரத்தால் செய்த பெரியதொரு புனலின் அகன்ற வாய்க்கு எதிரே முகத்தை நீட்டி, முழுக்குரலில் பாட வேண்டும். ஒலியின் அதிர்வு புனலின் குறுகிய முனையில் உள்ள மெல்லிய தகட்டை அசைக்கும். அத்தகட்டோடு இணைந்த முள், சுழலும் மெழுகுத் தட்டில் கோடிழுக்கும். அக்கோடுதான் பாட்டு. மெழுகில் விழுந்த கோட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, அதைக் கொண்டு அரக்குத் தட்டுகளை அழுத்தி எடுப்பர்.

இம்முறையில் இடர்கள் பல. மெல்லப் பாடினால் முள் அசையாது. ஓங்கிப் பாடினால் கோடு சிதறும். ஆகவே உச்ச சுரத்தில் சற்றே பின்வாங்கியும், தாழ்ந்த சுரத்தில் புனலுக்குள் முகம் நுழைத்தும் பாட வேண்டியிருந்தது. வயலினை அருகிலும் மிருதங்கத்தைத் தள்ளியும் வைப்பர். முழவின் ஆழ்ந்த ஒலி புனலில் சரியாக ஏறாது. நுண்ணிய கமகங்கள் தேய்ந்துபோகும். இடையில் பிழை நேர்ந்தால் மெழுகுத் தட்டு வீண். தொடக்கத்திலிருந்து பாட வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய இடர் காலம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட முடியும். ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடிப் பழகியவர்களுக்கு மூன்று நிமிடம் என்பது, காவியப் புலவனிடம் ஒரே வெண்பாவில் கதை முழுவதையும் சொல் என்பது போன்றது. எனினும் வெண்பாவும் ஒரு வடிவமே அன்றோ? எதைப் பாடுவது, எதை விடுவது என்று தேர்ந்து, இராகத்தின் உயிர்நிலையை முதல் மூச்சிலேயே காட்டி, சொல் சிதையாமல் பாடி முடிக்கும் ஒரு புதிய ஒழுங்கை அத்தலைமுறைப் பாடகியர் தாமே உருவாக்கினர். அவர்களுக்கு முன்னோடி யாரும் இல்லை. பாடம் சொல்லித்தர ஆசானும் இல்லை.

இந்தக் குறுகிய காலத்திற்கு மிகப் பொருந்திய வடிவம் ஒன்று தமிழில் ஏற்கெனவே இருந்தது. அதுவே விருத்தம். தாளக் கட்டின்றி, செய்யுளின் சொல்லையே துணையாகக் கொண்டு, அடிக்கு ஓர் இராகமாக மாலை தொடுப்பது போலப் பாடும் முறை அது. இவ்வாறு இராகங்களை அடுக்கிப் பாடுவதே இராகமாலிகை. மிருதங்கம் ஒலிக்காத குறை இதில் தெரியாது. பொருளுணர்ந்த பாடகிக்கு மூன்று நிமிடமும் போதும். தாயியின் புகழ்பெற்ற பதிவு இவ்வகையில் அமைந்தது. அவர் எடுத்துக்கொண்ட செய்யுள், இராமலிங்க அடிகளின் அருட்பா.

அருட்பா தட்டில் ஏறியது

அருட்பாவின் வரலாற்றை அறிந்தவர்க்கே இதன் சிறப்பு முழுமையாக விளங்கும். 1823-இல் மருதூரில் பிறந்து, இளமையைச் சென்னை ஏழுகிணறுப் பகுதியில் கழித்து, 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலாரின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் அதே 1867-ஆம் ஆண்டில் திருவருட்பா என்னும் பெயரால் வெளியிட்டார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அப்பெயரை மறுத்து எழுந்தார். திருமுறைகளுக்கே அருட்பா என்னும் பெயர் உரியது என்பது நாவலரின் நிலை. வழக்கு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

பூசல் அதோடு அடங்கிவிடவில்லை. இருவரும் மறைந்த பின்னும், 1903-ஆம் ஆண்டளவில், சென்னையில் நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும் மறைமலையடிகள் மறுபக்கமுமாக நின்று அருட்பாவைப் பற்றி வாதிட்டனர். கூட்டங்கள் நடந்தன, கண்டன நூல்கள் பறந்தன. புலவர்கள் மேடையில் இவ்வாறு போரிட்டுக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், அதே பட்டணத்தில் வாழ்ந்த ஒரு பெண்மணி அப்பாடலை இராகமாலிகையாகப் பாடித் தட்டில் பதித்துவிட்டார். இது அருட்பாவா மருட்பாவா என்று கேட்கும் பொறுமை மெழுகுத் தட்டுக்கு இல்லை. கேட்டவர்களுக்கும் அக்கேள்வி எழுந்திராது. உருகிப் பாடிய குரல் ஒன்றே அவர்களுக்கு விடையாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாடலுக்கு உரிய இடம் வேண்டும் என்று கோரி எழுந்த தமிழிசை இயக்கம், 1943-ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கமாக நிலைபெற்றது. அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் விருத்தங்களும் பதங்களும் இசைத்தட்டில் ஏறிவிட்டன. வணிக நிறுவனம் தமிழ்ப்பற்றினால் இதைச் செய்ததாகக் கருத வேண்டியதில்லை. மக்கள் தம் மொழிப் பாட்டை விலை கொடுத்து வாங்குவர் என்பதை அது அறிந்திருந்தது. மேடை தயங்கிய இடத்தில் கடைத்தெரு முந்திக்கொண்டது.

பாரிசு நகரத்துப் பியானோ

1879-இல் பிறந்த மோரிஸ் தெலாஜ் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர், புகழ்பெற்ற மோரிஸ் ரவேலின் மாணவர். 1912-ஆம் ஆண்டு அவர் இந்தியாவில் பயணம் செய்தார். தமிழ்நாட்டிற்கு வந்தபோது மாமல்லபுரத்தில் கோயம்புத்தூர் தாயி பாடக் கேட்டதாக அவர் குறித்துள்ளார். திரும்பும்போது இந்திய இசைத்தட்டுகளையும் உடன் கொண்டு சென்றார்.

மேல்நாட்டு இசைக்குறியீட்டில் நம் இசையை எழுதுவது எளிதன்று. இரண்டு சுரங்களுக்கு இடையே குரல் வழுக்கிச் செல்லும் வழியை ஐந்து கோடுகளுக்குள் அடக்க இயலாது. நேரில் ஒருமுறை கேட்ட நினைவைக் கொண்டு மட்டும் எழுதியிருந்தால், கீழ்நாட்டுச் சாயல் பூசிய மேல்நாட்டுப் பாட்டாகவே அது முடிந்திருக்கும். ஐரோப்பிய இசையில் அத்தகைய பாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. தெலாஜுக்குத் துணை நின்றது இசைத்தட்டு. ஒரே அடியை நூறு முறை திரும்பக் கேட்கலாம். எந்த இடத்தில் மூச்சு விடுகிறார், எந்தச் சுரத்தை அசைக்கிறார் என்று செவியால் தொட்டுப் பார்க்கலாம். மூன்று நிமிடத் தட்டு அவருக்கு ஓர் ஆசிரியராக அமைந்தது.

அதன் பயனாகத் தோன்றியவை இரண்டு. ஒன்று, "நான்கு இந்துக் கவிதைகள்" என்னும் தொகுதி. சென்னை, இலாகூர், காசி, செய்ப்பூர் ஆகிய நான்கு ஊர்களின் பெயரைத் தாங்கிய பாடல்கள் அவை. 1914-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் பாரிசில் ரோஸ் ஃபெயார் என்னும் பாடகி அவற்றை முதன்முதலாகப் பாடினார். அதே அரங்கில் அன்று ரவேல், ஸ்ட்ராவின்ஸ்கி ஆகியோரின் புதிய பாடல்களும் அரங்கேறின. இலாகூர் என்ற பாடலில் சித்தார் மேதை இம்தாத் கானின் இசைத்தட்டு எதிரொலிக்கிறது என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர்.

மற்றொன்றே நமக்கு மிக நெருங்கியது. "ராகமாலிகா" என்பதே அதன் பெயர். தமிழ்ப்பாட்டு என்பதே அதற்கு அவர் தந்த விளக்கம். 1912 முதல் 1922 வரையிலான காலத்தைச் சேர்ந்த அப்படைப்பு, தாயியின் அருட்பாத் தட்டை ஏறத்தாழ அடியொற்றிச் செல்கிறது. பாடுபவர் பிரெஞ்சில் பாடுவதில்லை. தமிழ்ச் சொற்களையே ஒலிக்கிறார். தம்பூராவின் இடத்திலும் பக்கவாத்தியத்தின் இடத்திலும் பியானோ நிற்கிறது.

இங்கே தெலாஜ் செய்த ஒரு சிறு வேலை இசை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. நம் முழவின் மங்கலான ஒலியைப் பியானோவில் எழுப்ப விரும்பிய அவர், தாழ்ந்த சுரம் ஒன்றின் தந்திகளுக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். அத்தந்தி மணியோசையை விட்டுத் தோலோசை போல மழுங்கி ஒலித்தது. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கரான ஜான் கேஜ் பியானோவின் தந்திகளிடையே திருகாணியும் இரப்பரும் வைத்து இசைத்துப் பெரும்புகழ் பெற்றார். அம்முறைக்கு முன்னோடியாகச் சுட்டப்படும் படைப்புகளுள் தெலாஜின் "ராகமாலிகா" ஒன்று. தமிழ்ச் செய்யுளைத் தாங்கி நிற்பதற்காக மேல்நாட்டின் பெருமைமிக்க கருவி தன் குரலை மாற்றிக்கொண்டது என்பதை எண்ணும்போது தமிழ் கற்பிப்போர் உள்ளம் நிமிரும்.

நிமிரும்போதே குனியவும் வேண்டியிருக்கிறது. அப்படைப்பின் ஆசிரியர் என்று உலகம் அறிந்தது தெலாஜை. தட்டையும் படைப்பையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள உறவை விரிவாக எழுதியவர் ஜான் பாஸ்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர். பாடிய மண்ணில், பாடிய மொழியில், அந்த ஒப்பீட்டை முதலில் செய்தவர் நம்மவராக இருந்திருக்க வேண்டும்.

காத்ததும் கைவிட்டதும்

1917-ஆம் ஆண்டு கோயம்புத்தூர் தாயி மறைந்தார். அகவை நாற்பத்தைந்தே. மின்சார ஒலிவாங்கி வர இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. அவர் குரலின் மென்மையை அப்படியே ஏந்தும் கருவி அவர் வாழ்நாளில் வரவில்லை. இன்று கேட்கும்போது இரைச்சலுக்கு அப்பால், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அக்குரல் எழுகிறது.

இசைத்தட்டு முழுமையான வரலாற்றுச் சான்றன்று என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். அவர் மேடையில் எவ்வாறு இராகம் விரித்தார், அவையோரின் முகம் பார்த்து எவ்வாறு பாட்டை வளர்த்தார், எந்த இடத்தில் அபிநயம் காட்டினார் என்பவற்றைத் தட்டு அறியாது. மூன்று நிமிடத்தை வைத்து ஒரு வாழ்க்கையின் கலையை அளப்பது, ஒரு செங்கல்லைக் கொண்டு கோயிலை அளப்பது போன்றது. ஆயினும் அந்தச் செங்கல்லும் இல்லையென்றால் அங்கே கோயில் இருந்ததையே ஒருவரும் நம்பமாட்டார்.

அவரோடு தட்டில் பாடிய பெங்களூர் நாகரத்தினம்மாள் 1952 வரை வாழ்ந்தார். தம் செல்வத்தைக் கொண்டு திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவாலயம் எழுப்பினார். அக்கோயில் அவர் பெயரைக் காக்கிறது. 1926-ஆம் ஆண்டு சிறுமியாக இருந்தபோதே தட்டில் பாடிய எம். எஸ். சுப்புலட்சுமி, மின்சார ஒலிப்பதிவும் வானொலியும் திரைப்படமும் துணைவர உலகப்புகழ் எய்தினார். தாயிக்கு ஆலயமும் இல்லை. நீண்ட ஆயுளும் இல்லை. எஞ்சியது அரக்குத் தட்டின் நடுவே ஒட்டிய வட்டத்தாள் ஒன்றே. அதில் அச்சிட்ட பெயர், பாட்டின் முதற்குறிப்பு, இராகம், தட்டின் எண் ஆகியவையே அவருடைய கல்வெட்டு.

பிற நாட்டார் இத்தகைய வட்டத்தாள்களை எவ்வளவு போற்றுகின்றனர் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலண்டனில் பியானோ வாசிப்பவராக இருந்து நடன இசைக்குழுத் தலைவராக உயர்ந்தவர் ஜாக் ஹில்டன். 1921-ஆம் ஆண்டு முதல் அவர் பாதித்த தட்டுகள் அந்நாட்டாரின் கால்களை ஆட வைத்தன. ஆடி மறக்க வேண்டிய பாட்டுகள்தாமே என்று அவற்றை அந்நாட்டார் விட்டுவிடவில்லை. எந்த நாளில், எந்த எண்ணில், யார் யார் வாசிக்கப் பதிவாயிற்று என்று அவருடைய தட்டுகளையும் அவர் காலத்து மற்றக் குழுக்களின் தட்டுகளையும் திரட்டிப் பெரும் பட்டியல் நூல்களாக வெளியிட்டனர். நம் நாட்டுத் தட்டுகளின் முதற்காலத்தைப் பட்டியலிட்டவர்களுள்ளும் முதன்மையானவர் ஆசுதிரேலியரான மைக்கேல் கின்னியர். 1908 வரையிலான இந்தியப் பதிவுகளைப் பற்றிய அவர் நூல் 1994-இல் வெளிவந்தது. இறைவனை உருகி அழைத்த நம் பாட்டுக்கு, நடனப் பாட்டுக்குக் கிடைத்த கவனிப்பாவது கிடைக்க வேண்டாமா?

மலையகத்தார் கடமை

தாயியின் தட்டுகள் வெளிவந்த காலம், மலாயாத் தமிழர் வரலாற்றிலும் திருப்புமுனையான காலம். 1910-ஆம் ஆண்டு மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் ஆயிரமாயிரம் தமிழர் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளானை அடுத்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இறங்கினர். அவர்கள் சுமந்து வந்த மூட்டையில் நூல்கள் மிகுதியாக இருந்திருக்க முடியாது. நெஞ்சில் பாட்டு இருந்தது. பின்னாளில் வசதி வந்தபோது பாட்டுப்பெட்டியும் தட்டுகளும் வந்தன. 1946-இல் மலாயா வானொலி தொடங்கியபின் தட்டில் இருந்த குரல் காற்றில் ஏறியது. கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் ஒலிபெருக்கி கட்டித் தட்டுப் போடுபவர் ஊருக்கு வேண்டிய மனிதரானார். பிறகு ஒலிநாடா வந்தது, குறுவட்டு வந்தது, இன்று அவையும் மறைந்து வருகின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் பழையது குப்பைக்குச் சென்றது.

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான், அம்பாங் போன்ற பழைய குடியிருப்புகளில் வீடு மாற்றும்போது தூக்கி எறியப்படும் பெட்டிகளில் இத்தகைய தட்டுகள் இருக்கக்கூடும். அரக்குத் தட்டு கண்ணாடி போன்றது; கைதவறினால் உடையும். உடைந்தது தட்டு மட்டுமன்று. ஒருவேளை உலகில் எஞ்சியிருந்த ஒரே படியாகவும் அது இருக்கலாம்.

தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு அருட்பா மனப்பாடப் பகுதியாகக் கற்பிக்கப்படும்போது, அதனோடு இந்த வரலாற்றையும் சொல்லலாம். செய்யுளுக்குப் பொருள் கூறிய பின், நூறாண்டுக்கு முன் ஒரு பெண்மணி இத்தகைய பாடலைத் தகரப் புனலின் முன் நின்று பாடினார் என்று சொன்னால், மாணவரின் கண் விரியும். பழந்தட்டுகள் பல இன்று கணினி வழியே கேட்கக் கிடைக்கின்றன. அவற்றை வகுப்பில் ஒலிக்கச் செய்யலாம். பாட்டி வீட்டில் பழைய தட்டு உண்டா என்று விசாரித்து வரச் சொல்லலாம். வட்டத்தாளில் உள்ள பெயர், ஊர், எண் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம். ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக நடந்த உ. வே. சாமிநாதையரின் பணியைப் பாராட்டிக் கட்டுரை எழுதும் மாணவன், தன் வீட்டுப் பரணில் உள்ள சுவடியை அறியாமல் இருக்கலாகாது.

1857-ஆம் ஆண்டு எண்பத்தேழு சீனத் தொழிலாளர் ஈயம் தேடி அம்பாங்கை அடைந்தனர். அம்முயற்சியிலிருந்தே கோலாலம்பூர் நகரம் முளைத்தது. பிற்காலத்தில், சுரங்கக்காரர் வேண்டாமென்று விட்ட மணலை ஆற்றில் அள்ளி, டூலாங் என்னும் மரத்தட்டில் இட்டு அலசி, அடியில் தங்கிய ஈயத்தைப் பொறுக்கிக் குடும்பம் காத்த பெண்கள் இந்நாட்டில் பலர். பிறர் கழித்த மணலில் பொருள் உண்டு என்று அவர்கள் அறிந்திருந்தனர். நம் முன்னோர் விட்டுச்சென்ற தட்டுகளையும் அவ்வாறே அலசிப் பார்க்க வேண்டும். அடியில் ஒரு குரல் தங்கியிருக்கும். அக்குரலுக்கு உரியவரின் பெயரையும் சேர்த்து எடுத்து வைப்பதே, கோயம்புத்தூர் தாயிக்கும் அவரைப் போன்ற மகளிர்க்கும் தமிழுலகம் தீர்க்க வேண்டிய கடனாகும்.